மீன்கள் கூடு கட்டிய வளைவில் ஓர் அந்தியேட்டி

ஆற்றுப் படுகை மணலா, சேறா, சரளையா என்பதைக் கண் காணுமுன் காலால் அறிந்து சொல்ல வல்லவர் மக்டலீன். பேசாலைக் கடற்கரையில் பிறந்து, ஸ்காபரோவில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இருபது ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். சனிக்கிழமை விடிந்தால் போதும், நெஞ்சுவரை உயர்ந்த ரப்பர்க் காற்சட்டையை மாட்டிக்கொண்டு ஹைலண்ட் கிறீக் ஆற்றில் இறங்கிவிடுவார்.

நடைபாலத்தை அடுத்த வளைவு முன்பு வெறுஞ்சேறாகக் கிடந்தது. இலையுதிர் காலத்தில் ஏரியிலிருந்து நீரை எதிர்த்து ஏறிவரும் சால்மன் மீன்கள் சரளை இல்லாத இடத்தில் முட்டையிடா. ஆகையால் அவ்வளைவில் அவை நின்றதேயில்லை. ஆற்றுக் குழுவினர் நாற்பது பேர், முறைப்படி அனுமதி பெற்று, மூன்று கோடைகள் வாளி வாளியாகச் சரளை சுமந்து அங்கே பரப்பினார்கள். கோயிலுக்குப் போகிறவர்களும், தேவாலயப் பூசைக்குப் போகிறவர்களும், இரண்டுக்கும் போகாத சீனத்து முதியவர்களும் ஒரே வரிசையில் நின்று வாளி கைமாற்றினார்கள். மூன்றாம் கோடை கழிந்த ஒக்ரோபரில்தான் முதன்முதலாக ஒரு பெண் மீன் அங்கே நின்று, வாலால் அடித்துக் குழி பறித்து, முட்டையிட்டுச் சரளையால் மூடிற்று. வார முடிவில் கூடுகள் ஐந்தாயின. ஒவ்வொன்றுக்கும் நேரே கரையில் ஒரு செம்மஞ்சள் கொடி நட்டார் மக்டலீன். ஓர் ஆள் ஏறி மிதித்தால் ஒரு கூடே நசுங்கிப்போகும்.

மறு சனிக்கிழமை காலை, பதினைந்து பேர் புடைசூழ, சாம்பற் குடத்தைக் கையில் ஏந்தி, மோகனசுந்தரம் அதே கரையில் வந்து நின்றார். தகப்பனார் இறந்த முப்பத்தோராம் நாள்; சாம்பலை ஓடும் நீரில் விடும் அந்தியேட்டி. குளிர்ச் சட்டைக்கு மேல் சால்வை போர்த்த ஐயர் ஒருபுறம். சக்கர நாற்காலியில் தாயார் நாகலட்சுமி மறுபுறம்.

கூடுகளைப் பார்க்க மக்டலீனோடும் குழுவினர் சிலரோடும் அங்கே நின்ற குழுத் தலைவர் எட்வேட் உடனே கைபேசியை எடுத்தார். "நான் மீன்பிடி ஒபிசருக்குப் போன் அடிக்கப்போறன்."

"வேண்டாம் அண்ணை, உள்ளுக்கு வையுங்கோ. இந்த இடத்தைச் சொன்னதே நான்தான்" என்று தடுத்தார் மக்டலீன்.

"நீரோ? கொடி நட்டதும் நீர், வழி காட்டினதும் நீரோ? வடிவாய் இருக்கு!"

உண்மைதான். போன மாதம் பலசரக்குக் கடை வாசலில், அந்தியேட்டிக்கு, தாயாரின் சக்கர நாற்காலியும் போகக்கூடிய ஓடும் தண்ணீர் எங்கே உண்டு என்று மோகனசுந்தரம் கேட்டபோது, "பாலத்தடிக்கு வாங்கோ, சறுக்காது, நல்ல சரளை" என்று தாம் பரப்பிய சரளையையே பெருமையோடு சொல்லியனுப்பியவர் மக்டலீன். அதன்பின் மீன் வந்த மகிழ்ச்சியில் சொன்ன சொல் அடியோடு மறந்துபோயிற்று.

மோகனசுந்தரம் வேட்டியை மடித்துக் கட்டி நீரில் இறங்க ஒரு காலைத் தூக்கிவிட்டார்.

"தம்பி, காலை வைக்காதேங்கோ!"

"நீங்கள் சொன்ன இடந்தானே அக்கா? இப்ப மீனுக்காக என்ர அப்பாவை மறிக்கிறியளோ?"

மக்டலீன் சாக்குத் தேடவில்லை. "ஓம், பிழை என்னிலதான். அப்ப மீன் வரேல்ல. இப்ப நீங்கள் கால் வைக்கிற இடத்தில முட்டை கிடக்கு."

நாகலட்சுமி நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். தெளிந்த நீரில், வெளிறிய சரளைமேல், வால் கிழிந்து வெண்மை பூத்த ஒரு மீன் அசையாது நின்றது.

"என்ன பிள்ளை, உந்த மீனின்ர வால் இப்பிடிக் கிழிஞ்சுபோய்க் கிடக்கு?"

"அந்த வாலாலதான் அம்மா கல்லைக் கிண்டினது. இனித் திரும்பிப் போகாது. கூட்டைக் காத்துக்கொண்டு இதிலயே செத்துப்போகும்."

நாகலட்சுமி மகனிடம், "மோகன், அங்கால வா. அதைக் காலால உழக்காத," என்றார்.

"ஓடுற தண்ணி வேற எங்க இருக்கு அம்மா?" என்று மக்டலீனைக் கேட்டார் ஐயர்.

"ஆறு ஏரியில விழுற இடம் இருக்கு ஐயா. முழுக்க மணல். மீன் அங்க முட்டை போடாது."

"சங்கமமோ? அது இதைவிட விசேஷமெல்லோ! முதலே சொல்லியிருக்கலாமே!"

"மணலுக்குள்ள அம்மான்ர வீல்செயர் போகாது. அதாலதான் பாலத்தடியைச் சொன்னனான்."

அவர் சொல்லி முடிக்குமுன், மூன்று கோடை சரளை சுமந்த குழுவினரின் கைகள் நாற்காலியின் மூன்று மூலைகளைப் பற்றிவிட்டன. நான்காவது மூலைக்கு எட்வேட் வந்தார்.

"ஒபிசருக்கு அடிக்க வெளிக்கிட்ட கைதானே இது?" என்றார் மோகனசுந்தரம்.

"கதையாமல் குடத்தைக் கவனமாய்ப் பிடியும் ஐசே!"

அரை மணி நேர நடை. நாகலட்சுமி பல்லக்கில் போவதுபோல் நிமிர்ந்து அமர்ந்து சென்றார். கழிமுகத்தில் மக்டலீனே முன்னால் இறங்கி, அடிக்கு அடி காலால் துழாவி, பள்ளமில்லாத வழியில் மோகனசுந்தரத்தைக் கைபிடித்து அழைத்துப்போனார். கழுத்தில் சிலுவை தொங்க அவர் துணை நிற்க, திருநீறணிந்த மகன் தந்தையின் சாம்பலை நீரில் விட்டார். ஆற்றுநீர் அதை ஏந்தி ஏரிக்குள் கொண்டுபோயிற்று.

நண்பகலில் பாலத்தடிக்குத் திரும்பியபோது ஐந்து கூடுகளும் குலையாமல் இருந்தன.

அடுத்த புதன்கிழமை, சமையலறையில் மக்டலீனின் கைபேசி ஒலித்தது. பேசியவர் ஐயர். "அம்மா, வாற ஞாயிறு இன்னொரு அந்தியேட்டி இருக்கு. மீன் இப்ப எவடத்தில நிக்குது எண்டு சொன்னியள் எண்டால், நாங்கள் விலத்தி நிப்பம்."