ஆறு தோட்டாக்களும் அப்படியே இருந்தன

இந்த மலாய் நாட்டில் மரங்கள் சுடும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உச்சிவெயிலில் ரப்பர்க்காய் முற்றி வெடிக்கும்போது, பக்கத்தில் யாரோ வேட்டு வைத்ததுபோல் 'டப்' என்று கேட்கும். விதைகள் தகரக் கூரையில் சிதறி விழும். கிள்ளானுக்கு அருகே இந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்த முதல் வாரம், அந்தச் சத்தத்துக்குப் பேனாவைப் போட்டுவிட்டு நான் மேசைக்கடியில் புகுந்தேன். ஆபீசில் அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பத்து வருஷத்தில் என் காது எல்லாவற்றுக்கும் பழகிவிட்டது. ஒரு காலையில் கேட்ட ஒரு சத்தத்துக்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

திண்டுக்கல்லிலிருந்து என் சித்தப்பா மகன் எழுதியிருக்கிறான். அவனும் இங்கே வரப்போகிறானாம். காட்டு நாடாயிற்றே, பெரிய ரகக் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்தானே என்று கேட்கிறான். அப்படிப்பட்ட ஒன்றை நாலு வருஷம் வைத்திருந்தவன் நான். அவனுக்கு மட்டும் எழுதினால் போதாது. அவனைப்போல் யோசிக்கிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

அது பழைய துரையினுடையது. அவர் சீமைக்குத் திரும்பியபோது, லைசென்சையும் என் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். குழல் வாயில் என் ஆள்காட்டி விரல் தாராளமாக நுழையும். எடை கிட்டத்தட்ட ஒரு வீசை. அன்றைக்கு எனக்கு வந்த பெருமையைக் கேட்காதீர்கள்! கிள்ளான் கடைத்தெருவில் தோலுறையைத் தட்டிக்கொண்டு நடந்தேன். கொஞ்ச நாளிலேயே வேட்டி ஒரு பக்கமாக இறங்கியது, நடையும் கோணலாகிவிட்டது. ஒருநாள் இருபதடி தூரத்தில் ஒரு மண்ணெண்ணெய் டின்னை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். கை தலைக்குமேல் போய்விட்டது. கட்டைவிரல் அடி எட்டு நாள் வீங்கிக் கிடந்தது. டின்னுக்கு ஒரு கீறல் இல்லை. குண்டு பட்டது இடப்பக்கத்து மரத்தில். அந்த ஓட்டையிலிருந்து அன்று முழுக்கப் பால் வடிந்தது. அந்தப் பக்கம் போகவே எனக்கு மனசு வரவில்லை.

பிறகு அதை என் தகரப்பெட்டியில் வைத்தேன். அந்தப் பெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊரிலிருந்து கிளம்பியபோது பெரிய திண்டுக்கல் பூட்டாகப் போட்டுப் பூட்டினேனே தவிர, சாவியை வீட்டு மாடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். கிள்ளானில் கொண்டியை உடைத்துத்தான் பெட்டியைத் திறந்தோம். பூட்டு பூட்டியபடியே என்னிடம் இருக்கிறது. சாவி மாடத்தில் பத்திரமாக இருப்பதாக என் மனைவி ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாள்.

புலி வந்தது ஆயுத பூசை கழிந்த மாசம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மாடுகள் இரண்டை அடித்தது. காட்டோரத்து மர நிரைகளில் அதன் கால்தடம் கிடந்தது. பால் வெட்டுகிறவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டோம் என்று காலையில் பேர் எடுக்கும் பெரட்டுக்களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். புதுத் துரைக்கு முகம் சிவந்துவிட்டது. நான்தான் வாயைக் கொடுத்தேன்: "என்கிட்டத் துப்பாக்கி இருக்கு. நான் முன்னால நடக்கிறேன், வாங்க." அந்தத் துப்பாக்கியால் எதையும் அடிக்க முடியாது என்று தெரிந்த ஒரே ஆள் நான். மானத்துக்குப் பயந்து சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மனசு கேளாமல், தோட்டத்தை ஒட்டிய கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் இருந்த பாக் மான் என்ற மலாய்க்காரக் கிழவரிடம் போனேன். காடு அறிந்த மனுஷர். துப்பாக்கியைக் காட்டி, இது போதுமா என்று எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், கடைத்தெருப் பேச்சில், கேட்டேன். "ஜாங்ஙான், கிராணி, ஜாங்ஙான்!" என்று கையை ஆட்டினார். வேண்டாம், வேண்டாம் என்கிறார். புலியை அவர்கள் மரியாதையாகத் தோக், அதாவது தாத்தா, என்பார்கள். அதனால் தோக்குக்குப் பரிந்து பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு கோபமாக எழுந்து வந்துவிட்டேன். காயம்பட்ட புலி காயம்படாததைவிடப் பொல்லாதது, அரைகுறையாகச் சுட்டால் உன் பின்னால் வருகிற அத்தனை பேரையும் கொன்றுவிடும் என்றுதான் அவர் சொன்னாராம். அது எனக்கு விளங்கியது வெகுநாள் கழித்து.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். முழங்கால் வரை பனிமூட்டம். நான் முன்னால், எனக்கு நேர்பின்னால் அஞ்சலை, அவளுக்குப் பின்னால் பதின்மூன்று பேர். அஞ்சலை தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி, வாளியும் வெட்டுக்கத்தியுமாக யாருக்கும் பயப்படாமல் நடப்பவள். ஒரு பறவைகூடக் கத்தவில்லை. எல்லா மரமும் ஒரே மாதிரி, ஒரே இடைவெளியில் நின்றன. நிரையின் கோடியில் ஏதோ ஒன்று மட்டும் குறுக்காகக் கிடந்தது. விழுந்த மரம் என்று நினைத்தேன். அது எழுந்து நின்றது.

துப்பாக்கியை எடுத்து நீட்டினேன். விசையை இழுத்தேன், அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். கல் மாதிரி இருந்தது. அப்போது 'டப்' என்று ஒரு சத்தம் எழுந்தது. புலி என்னைப் பார்க்கவில்லை. எங்கள் எல்லோரையும் தாண்டி, எங்களுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. தெரிந்தவரைப் பார்ப்பதுபோல் கொஞ்சநேரம் அப்படியே நின்றது. பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாகக் காட்டுக்குள் போய்விட்டது.

"கிராணி ஐயா சுட்டுட்டாரு!" என்று அஞ்சலை கத்தினாள். லயம் முழுக்க அதே பேச்சு. எனக்கு மாலை போடாத குறை.

ஆபீசுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். ஆயுத பூசையன்று வெட்டுக்கத்திகளோடும் பால் நிறுக்கும் தராசோடும் துப்பாக்கியையும் வைத்துக் கும்பிட்டிருந்தோம். பொட்டு வைத்தவள் அஞ்சலை. ஒரு பொட்டோடு நிறுத்துகிறவளா அவள்? தோட்டா உருளையைச் சுற்றிச் சந்தனத்தை வழித்து அப்பி, மேலே குங்குமமும் வைத்திருந்தாள். நானும் பக்தியோடு அப்படியே எடுத்து உறையில் போட்டிருந்தேன். சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, உருளை இறுகிப்போயிருந்தது. வெந்நீர் ஊற்றிச் சுரண்டித்தான் திறக்க முடிந்தது. ஆறு தோட்டாக்களும் அப்படியே இருந்தன.

ரப்பர்க்காய் வெடித்திருக்கும் என்பீர்கள். நானும் அப்படித்தான் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். காய் வெடிக்கும் பருவம் முடிந்து இரண்டு மாசமாகியிருந்தது. பருவத்திலும்கூட அது வெயிலில்தான் வெடிக்கும். பனியில் நனைந்த காய் வெடித்து நான் கேட்டதில்லை.

நாலு நாள் கழித்து அஞ்சலை தனியாகவே அந்த நிரைக்குப் புறப்பட்டாள். துப்பாக்கி வாசனைக்கே அது இனி வராது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டு, ஆறு தோட்டாக்களையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன். சந்தனத்தையும் சொன்னேன். "நான் சுடல அஞ்சலை. இத நம்பித் தனியாப் போகாத. உன் உயிருக்கு நான் பதில் சொல்ல முடியாது."

அவள் தோட்டாக்களைப் பார்த்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"தெரியும் ஐயா. நான் ஒங்க முதுகுக்குப் பின்னாலதான நின்னேன். குழல்ல பொகையே வரல."

"பின்ன ஏன் சுட்டாரு சுட்டாருன்னு ஊரெல்லாம் சொன்ன?"

"நீங்க சுடலன்னா, அங்க வேற யாரு இருந்தது?" என்று மெதுவாகக் கேட்டாள். "அத நெனச்சா நாளைக்கு அந்த நெறையில எப்படிக் கால வைக்கிறது? நீங்க சுட்டதாவே இருக்கட்டும் ஐயா."

தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசை இழுப்பறையில் போட்டேன்.

அந்த வாரமே கிள்ளான் போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டேன். துரையிடம் நடந்ததைச் சொல்லிக் கெஞ்சி, அந்த நிரைகளுக்கு மட்டும் நன்றாக விடிந்தபிறகு ஆட்களை அனுப்ப வைத்தேன். எல்லோரும் சேர்ந்தே போகிறோம். கடைசியில் வருகிறவன் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு வருகிறான். என் குண்டுக்குத் தப்பிய அதே டின்தான். தம்பி, நீ கேட்டதற்கு என் பதில் இதுதான்: பெரிய துப்பாக்கி வேண்டாம், ஒரு டின் போதும். அது குறி தவறாது, கையும் வீங்காது. இங்கே உனக்குத் துணையாக வேறு என்ன வரும் என்பதை என்னால் சொல்ல முடியாது.

உறையை மட்டும் கழற்றவேண்டாம் என்று அஞ்சலை சொல்லிவிட்டாள். "வெறும் உறைன்னா ஆடும் ஐயா. கனமாத் தொங்கணும். அப்பத்தான் பின்னால வர்றதுங்க பயமில்லாம நடக்கும்."

அதனால் காலையில் உறையைக் கட்டிக்கொண்டு, விடிந்தும் கலையாத பனிமூட்டத்தில் முன்னால் நடக்கிறேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்கும். பதினாலு பேருடையதுதானா என்று நான் திரும்பி எண்ணுவதில்லை. நிரையின் கோடி வந்ததும் கை தானாக உறைக்குள் போகும். உள்ளே இருப்பது திண்டுக்கல் பூட்டு. பூட்டியபடியே, ஒரு வீசைக்குக் குறையாமல், சில்லென்று கையில் தட்டுப்படும். சாவி வீட்டு மாடத்தில் பத்திரமாக இருக்கிறது.