மலையைக் கணினிக்குள் வைத்திருந்தவர்

பசறைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து தங்கச்சி போன பிறகுதான் அந்த யாழ்ப்பாணத்து சார் கணினியோடு வந்தார். எந்த மழைக்கு மலை எப்படிச் சரியும் என்று திரையில் ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. ஒல்லியான ஆள், தூங்காத கண்கள். தோட்டத்தில் மழையை அங்குலத்தில் அளப்பார்கள், அவருடைய கணினிக்கு மில்லிமீட்டர் வேண்டும். அதனால் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் எந்த அலகில் என்று கேட்பார்.

"ரெண்டு போடவா சார்?" என்று தேத்தண்ணியோடு நின்ற அத்தையையும் விடவில்லை.

"ரெண்டு என்ன?"

"ரெண்டு யானைங்க சார்! சீனிதான், கரண்டியில."

ஒருநாள் கேட்டேன். "சார், தங்கச்சி செத்த அன்னைக்கு நடந்தத இதுல பாக்கலாமா?"

"ஏலாது தம்பி. இந்த மலையை வேற அரசாங்கக் கந்தோர்காரர் முந்தியே கணினியில செய்து வச்சிருக்கினம். அது அவையின்ர மிசின்ல மட்டும்தான் ஓடும். நான் முதல்ல இருந்து செய்யிறன். ஆர் செய்தாலும் எல்லாரும் எடுத்துப் பாவிக்க ஒரு பொது முறை வேணுமெண்டு மேலிடத்துக்கு எழுதி எழுதிக் களைச்சுப் போனன்."

"அப்படி இருந்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?"

விசைப்பலகையில் அவர் விரல்கள் நின்றன.

"தெரிஞ்சிருக்கும். ஆனா உங்களை லயத்து வீட்டில இருந்து மாத்தியிருப்பினமோ, அது எனக்குத் தெரியாது."

சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் விதி என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அதை நம்பி நானும் கொஞ்சம் தூங்கத் தொடங்கியிருந்தேன். அவரும் தெரிந்திருக்காது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு அவர்மேல் கோபம் வருகிறது. ஆனாலும் விதி என்று சொல்லாமல் போன அவரை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போல இருக்கிறது.