செல்வி எங்கே பிறந்தாள்?

இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் தெரு ஒரு போலீஸ்காரரிடம் பொய் சொன்னது. ஒருத்தர், இரண்டு பேர் இல்லை... தெருவே! அதுவும் கூசாமல், அவர் முகத்தைப் பார்த்து, நடுவில் ஒரு டீயும் வாங்கிக் கொடுத்து.

காரணம் செல்வி. எங்கள் எதிர்வீட்டு டில்லியின் மனைவி.

டில்லியை உங்களுக்குத் தெரியும். மழைத் தண்ணீர் எங்கள் ஹாலுக்குள் வந்தபோது கிரைண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான் என்று எழுதியிருந்தேனே... அவனேதான். ஹார்பரிலிருந்து கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். குரல்தான் ஏர்ஹாரன். ஆள், பூனைக்குட்டிக்கும் வழிவிட்டுத்தான் போவான்.

செல்வி பர்மாவில் பிறந்த தமிழ்ப் பெண். எங்கள் வடசென்னை எர்ணாவூரில் இது ஒன்றும் அதிசயமில்லை. இங்கே பல குடும்பங்கள் அறுபதுகளில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவைதான். அவர்களுக்கு அப்போது அரசாங்கமே கார்டு கொடுத்து, இருக்க இடமும் கொடுத்தது. செல்வியின் பெரியப்பா அப்படி வந்தவர். அவள் அப்பா மட்டும், "நெலத்த விட்டுட்டு எங்க வர்றது?" என்று அங்கேயே தங்கிவிட்டார். அண்ணன் கப்பலேறினார், தம்பி ஏறவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் அண்ணன் மகள் இந்தியாக்காரி. தம்பி மகள் வெளிநாட்டுக்காரி!

அந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்குத்தான் செல்வி மூன்று மாத விசாவில் வந்தாள். டில்லி, மாப்பிள்ளையின் தோஸ்து. கல்யாணத்துக்கு வந்த சொந்தபந்தங்களை எல்லாம் அத்தோ கடைக்குக் கூட்டிப்போய், "எங்க ஏரியா அத்தோ மாதிரி உலகத்துலயே கெடையாது" என்று பீற்றியிருக்கிறான். அத்தோ என்பது பர்மா நூடுல்ஸ். எங்கள் பக்கம் சாயங்காலமானால் தெருவுக்குத் தெரு தள்ளுவண்டி நிற்கும். செல்வி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சிரித்தாளாம்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா இது அத்தோ இல்லிங்க."

அங்கே விழுந்தவன்தான். இன்னும் எழுந்திருக்கவில்லை.

தெருமுனை அம்மன் கோயிலில் தாலி கட்டினான். ரிஜிஸ்டர் ஆபீசில், நோட்டீஸ் ஒட்டி ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். காத்திருந்தார்கள். கல்யாணம் பதிவானது. அதற்குள் விசா முடிந்துபோயிருந்தது. கல்யாண ஜோரில் டில்லி அதைக் கவனிக்கவே இல்லை. செல்விக்கு மட்டும் உள்ளூர ஒரு பயம்.

டில்லியின் சட்ட ஞானம் இவ்வளவுதான்: "தாலி கட்டிட்டேன்ல்லக்கா? அப்போ அது இந்தியாதானே?"

ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது. ரேஷன் கார்டில் செல்வியின் பெயரைச் சேர்க்கப் போனபோதுதான் குட்டு உடைந்தது. அங்கே இருந்த ஒரு நல்ல மனிதர், "தம்பி, இத இங்க கேக்காதீங்க. மொதல்ல ஒரு வக்கீலைப் பாருங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி அனுப்பினார்.

பாரிமுனை வக்கீலைப் பார்த்துவிட்டு இருவரும் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். இரண்டு முகத்திலும் ரத்தமே இல்லை. விசா முடிந்தபிறகு தங்கியது குற்றம். கண்டுபிடித்தால் பர்மாவுக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். அனுப்பினால் திரும்பி வருவது எப்போது, வர விடுவார்களா... வக்கீலுக்கே தெரியவில்லை. ஒரே வழிதான் இருக்கிறது. தானாகப் போய் நடந்ததைச் சொல்லி, அபராதம் கட்டி, இந்தியனின் மனைவி என்ற முறையில் இங்கே தங்க அனுமதி கேட்க வேண்டும். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம்.

"அனுப்ச்சிட்டாங்கன்னா நானும் போயிடுவேன்க்கா" என்றான் டில்லி. "அங்க லாரி ஓட்ட மாட்டாங்களா இன்னா?"

சொல்லிவிட்டு அவனே அழுதுவிட்டான்.

நான் ஒரு ஃபவுண்டரியில் கணக்கு எழுதுகிறவள். ஆனால் பத்திரிகையில் வாரம் ஒரு பக்கம் வருகிறது பாருங்கள்... அதனால் தெருவில் எனக்கு 'எல்லாம் தெரிந்த அக்கா' என்று பட்டம். உட்கார்ந்து மனுவை எழுதினேன். செல்வி பக்கத்திலேயே இருந்து முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் உள்ளபடியே எழுதுங்கக்கா. ஒளிச்சு வச்சுக்கிட்டு இவருகூட இருந்தா, காலம் பூரா பயந்துகிட்டே இருக்கணும்."

மனு போயிற்று. கல்யாணம் நிஜம்தானா, இருவரும் சேர்ந்துதான் வாழ்கிறார்களா என்று விசாரிக்க ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும் என்றார்கள்.

இவ்வளவு செய்தவர்கள், மனு போட்டிருக்கும் விஷயத்தைத் தெருவில் என்னைத் தவிர ஒருவரிடமும் சொல்லவில்லை. டில்லிக்கு வெட்கம். செல்விக்குப் பயம். இங்கேதான் வந்தது வினை.

ஒரு சனிக்கிழமை ஏட்டய்யா மொபெட்டில் வந்து இறங்கினார். ரிடையர்மென்ட்டை நெருங்கிவிட்ட மனிதர். அவசரமே இல்லாத நடை. கையில் ஃபைல், அதற்குள் செல்வியின் ஃபோட்டோ. நேராக வீட்டுக்கு வருவார் என்று பார்த்தால், தெருமுனையிலிருந்தே ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தார். டில்லி வீட்டு வாசலில் நின்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன பேசினார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் அண்ணாச்சியின் மளிகைக் கடை.

"இந்தப் பொண்ணைத் தெரியுமா அண்ணாச்சி?"

அண்ணாச்சி ஃபோட்டோவைப் பார்த்தார். காக்கிச் சட்டையைப் பார்த்தார்.

"நம்ம செல்வில்லா! இந்தத் தெருப் பிள்ளைதாங்கய்யா. அது பொறந்தன்னைக்கு எல்லாருக்கும் குடுக்க கல்கண்டு வாங்குனதே நம்ம கடையிலதான்."

"கடை வச்சு எத்தனை வருஷமாச்சு?"

"வார தைக்குப் பன்னெண்டு வருசம் ஆகுதுங்கய்யா."

"பொண்ணுக்கு இருபத்து நாலு வயசு."

அந்த நிமிடம் பார்த்து அண்ணாச்சிக்குத் துவரம்பருப்பு நிறுக்கும் அவசர வேலை வந்துவிட்டது.

அடுத்து கஸ்தூரி அக்கா. வாசலில் இட்லிக் கடை போட்டிருப்பவர். சின்ன வயதில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர்களில் அவரும் ஒருவர்.

"செல்வியா? இன்னா சார் இப்டி கேட்டுட்ட? ராயபுரம் ஆஸ்பத்திரில பொறந்துச்சு சார். அவங்கம்மாவுக்கு வலி வந்தப்ப ரிக்சா புட்சிக்கினு போனதே நான்தான். மொதல்ல தூக்குன கை இது!"

கையை நீட்டியும் காட்டினாராம். சுற்றி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் "ஆமா சார், ஆமா சார்" என்று கோரஸ். யாரோ ஒருவன் ஓடிப்போய் டீ வாங்கி வந்ததும் அப்போதுதான்.

ஏட்டய்யா டில்லி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோது முகம் இறுகியிருந்தது.

"ஏம்மா, ஃபைல்ல நீ பர்மாவுல பொறந்தவன்னு இருக்கு. பாஸ்போர்ட்டும் அப்படித்தான் சொல்லுது. தெருவுல அத்தனை பேரும் நீ இங்க பொறந்தவன்னு சொல்றாங்க. அப்போ இந்த பாஸ்போர்ட் யாரோடது? போலியா? நீ யாரும்மா?"

விசா முடிந்து தங்கியதற்காவது அபராதம் கட்டலாம். போலி பாஸ்போர்ட் என்று எழுதிவிட்டால்? டில்லி எழுந்து நின்று, "சார்... அது வந்து சார்..." என்றான்.

செல்விதான் அசைந்தாள். செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போய், கஸ்தூரி அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்கக்கா."

அக்கா அவள் காதில் கிசுகிசுத்தார். ரகசியம்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"போலீசாண்டையா? புத்தி கெட்டுப்போச்சா உனுக்கு?"

"உண்மையச் சொன்னாத்தான் என்னை இங்க இருக்க விடுவாங்கக்கா."

கஸ்தூரி அக்கா தன் வாழ்நாளில் இப்படி ஒரு விஷயத்தைக் கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது. நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் 'ஆமாம்' என்று தலையாட்டினேன். அப்புறம் அவரைப் பிடிக்க முடியுமா?

"பர்மாதான் சார் அது! பெரீப்பா வூட்டுக் கல்யாணத்துக்கு வந்துச்சு. இந்த டில்லிப் பையன் கீறானே, லாரிய வுட்டுட்டு அது பின்னாடியே சுத்திக்கினு கெடந்தான். சரியா துன்னல சார். நான் குட்த்த இட்லிய அப்டியே வச்சிட்டுப் போயிட்டான். அப்பால அம்மன் கோயில்ல தாலி கட்னான், நான்தான் ஆரத்தி எட்த்தேன். போன மாசம் ரெண்டுக்கும் சண்டை. கோவிச்சிக்கினு அது எங்கூட்டுல வந்து பட்த்துக்கிச்சு. இவன் ஜன்னலாண்ட வந்து நின்னுக்கினு அழுவுறான் சார்!"

"யக்கா, அதெல்லாம் வேணாம்க்கா..." என்றான் டில்லி.

"நீ கம்முனு இரு. உண்மையதானே கேட்டாரு?"

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளாளுக்கு உண்மையைக் கொட்ட ஆரம்பித்தார்கள். அண்ணாச்சிகூடக் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து, "கல்கண்டு அவுக கல்யாணத்துக்குத்தான் வாங்குனாக ஐயா, மாத்திச் சொல்லிட்டேன்" என்றார்.

ஏட்டய்யா பேனாவை மூடினார்.

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? எதுக்கும்மா அப்படி ஒரு பொய்?"

கஸ்தூரி அக்காவின் சத்தம் இறங்கிவிட்டது.

"புட்சிக்கினு போயிடுவீங்கன்னு பயந்துட்டோம் சார். நானும் அங்க பொறந்தவதான். கப்பல வுட்டு எறங்கசொல்ல எங்கம்மா கைல கார்டு இருந்துச்சு, வுட்டாங்க. இது கைல இன்னா கீது? நாங்கதானே கீறோம்?"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்வி அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள்.

ஏட்டய்யா என் பக்கம் திரும்பினார்.

"நான் இந்த மாதிரி விசாரணைக்கு நெறைய போயிருக்கேன் மேடம். பொய்க் கல்யாணம்னா, அக்கம்பக்கத்துல எல்லாரும் மனப்பாடம் பண்ண மாதிரி சுத்தமா பதில் சொல்லுவாங்க. இப்படி உளறி மாட்டிக்க மாட்டாங்க. காசு குடுத்தாலும் இந்த உளறல் வராது."

பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். ஆறிப்போன டீயையும் எடுத்துக் குடித்தார்.

அன்றைக்கு முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மனுக்களில் என்னென்னவோ கேட்கிறார்கள். அப்பா பெயர், நிரந்தர முகவரி, அங்க அடையாளம்... 'உங்களுக்காகப் பொய் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்?' என்று ஒரு கேள்வி மட்டும் கிடையாது. நல்லவேளை! இருந்தால் நம்மில் பலபேர் அந்த இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பக்கத்து ஃபிளாட்காரருக்கு நம் பெயராவது தெரியுமா என்பதே சந்தேகம். இதில் கல்கண்டுக்கு எங்கே போவது?

போன வாரம் கடிதம் வந்தது. அபராதம் கட்டியாயிற்று. இப்போதைக்கு ஒரு வருடம் தங்கலாம். அப்புறம் வருடா வருடம் நீட்டிக்கக் கேட்கலாம். டில்லி தெருவில் இருந்த ஒருவரையும் விடாமல் பிடித்து வாயில் லட்டைத் திணித்தான். செல்வி குதிக்கவும் இல்லை, அழவும் இல்லை. உள்ளே போய்ப் படுத்து, சாயங்காலம் வரை தூங்கினாள்.

"கல்யாணமானதுலேர்ந்து இப்படித் தூங்கினதே இல்லக்கா" என்றாள் எழுந்து வந்து.

மறுநாள் காலை தண்ணீர் லாரி வந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை நாளில் செல்வி தெருவில் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. யாராவது அவள் குடத்தைத் தள்ளி வைத்தால், பேசாமல் எடுத்துக்கொண்டு பின்னால் போய் நிற்பாள். 'என்ன அடக்கமான பொண்ணு' என்று நாங்களும் மெச்சிக்கொள்வோம். அடக்கமாவது ஒன்றாவது... அத்தனையும் பயம்! சண்டை முற்றி யாராவது ஸ்டேஷனுக்குப் போய், தன் பெயர் வெளியே வந்துவிட்டால்?

தண்ணீர் வரிசைக்கு எங்கள் தெருவில் கஸ்தூரி அக்காதான் சட்டம். அன்றைக்கும் வழக்கம்போலச் செல்வியின் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் டிரம்மை வைத்தார். செல்வி குடத்தை எடுத்தாள். பழைய இடத்திலேயே 'டொக்'கென்று வைத்தாள். இடுப்பில் கையை ஊன்றினாள்.

"இன்னாக்கா? இது இன்னா உங்கூட்டு லாரியா?"

தெருவே வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

கஸ்தூரி அக்கா விடுவிடுவென்று என் வீட்டு வாசலுக்கு வந்தார். "கேட்டியா? இன்னா வாய் பேசுது பாத்தியா அது!" புகார்தான். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. திரும்பிப் போனவர், டிரம்மைத் தானே பின்னால் இழுத்துக்கொண்டார்.

அரசாங்கம் செல்விக்கு ஒரு வருடம் கொடுத்திருக்கிறது. கஸ்தூரி அக்கா தண்ணீர் வரிசையில் தனக்கு முன்னால் இடம் கொடுத்துவிட்டார். இதில் எது கிடைப்பது கஷ்டம் என்று எர்ணாவூர் பக்கம் வந்து கேட்டுப் பாருங்கள்!