மூன்றாவது ஆள்

மந்தைவெளியில் நான் பறக்கும் ரயில் ஏறி உட்கார்ந்ததுமே, எதிரில் இருந்தவர் தன் செல்போனைச் சட்டை நுனியால் துடைத்து, விபூதித் தட்டை நீட்டுவதுபோல என்னிடம் நீட்டினார். மொடமொடக்கும் வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், முகத்தில் பெரிய மனிதக் களை.

“கொஞ்சம் படிங்க சார்.”

ஏதோ ஒரு அபார்ட்மென்டின் செக்ரட்டரியாம். எதிர்வீட்டுக்காரர் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்: ‘எல்லாருக்கும் வந்த லாரித் தண்ணியை உன் தொட்டிக்குத் திருப்பிக்கிட்ட திருடன் நீ.’

“மானநஷ்ட கேஸ் போடலாம்னு வக்கீல்கிட்ட போனேன் சார். உங்களுக்கு மட்டும்தானே அனுப்பியிருக்கான், மூணாவது ஆள் படிச்சிருந்தாத்தான் கேஸ் நிக்கும்னுட்டார். அதான் ஒரு வாரமா எல்லாரையும் படிக்க வெக்கிறேன்.”

எழுதியவன் பரப்பினால்தான் அது அவதூறு. தானே ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தால் அதற்கு வேறு பெயர். இந்த மேதைக்கு அது உறைக்கவில்லை.

“தண்ணியைத் திருப்பினது நிஜமா சார்?” என்று கேட்டேன்.

“அது வேற விஷயம்,” என்றார், கூச்சமே இல்லாமல். “இதைப் படிச்சதும் என்மேல இருந்த மதிப்பு குறைஞ்சுதா இல்லியா, அதைச் சொல்லுங்க.”

“சுத்தமாப் போயிடுச்சு.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “கோர்ட்ல வந்து சொல்வீங்களா?”

நான் திருவான்மியூரில் இறங்குவதற்குள் இன்னும் இரண்டு பேரிடம் போனைத் துடைத்து நீட்டிவிட்டார். சாட்சி சொல்ல எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர் மானத்தை வாங்கியது யார் என்று நீதிபதி கேட்டால், எதிர்வீட்டுக்காரர் பக்கம் என் கை போகாது.