கல்லறை வாசலில் மதியச் சாப்பாடு

ஜப்பானின் ஒகினாவாத் தீவில் வாடகைக் காரை ஓரங்கட்டுகிறேன். கல் வீடு ஒன்றின் வாசலில் பாய் விரித்து ஒரு குடும்பம் சாப்பிடுகிறது. அமெரிக்காவின் சான் ஹோசேக்காரன் புத்தி, பிக்னிக் என்று நினைத்து, போட்டோ எடுக்கலாமா என்று கேட்கிறேன்.

"இது எங்கப்பா கல்லறை," என்கிறார் என் வயதுப் பெண், அரைகுறை ஆங்கிலத்தில். "வருஷத்துக்கு ஒருநாள் அவரோட சாப்பிடுவோம். உட்காருங்க."

சுடுகாட்டுக்குப் போய்வந்தால் குளிக்காமல் தண்ணீர்கூடக் குடிக்காத வீட்டில் வளர்ந்தவன், தயங்கி உட்கார்கிறேன்.

"உங்கப்பா எங்கே?" என்கிறார்.

"சென்னையில். அஸ்தியைத் தம்பி கடலில் கரைத்தான். விசா சிக்கல், நான் போனில்தான் பார்த்தேன். பாதியில் சார்ஜ் போய்விட்டது."

அவர் சிரிக்கவில்லை. ஒரு சோற்று உருண்டையை என் கையில் வைத்து, எதிரே தெரியும் கடலைக் காட்டுகிறார்.

போனை எடுக்காமல், முன்னோர் திசையான தெற்கு எந்தப் பக்கம் என்று அவரிடமே கேட்கிறேன்.