முதலுதவியில் தேறியவன்

ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. மண்டபம் என்ற கடலோர ஊரில் உறவினர் வீட்டுக்கு அப்பாவோடு வந்திருந்தோம்; அவரை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். நானும், என்னைவிட ஒரு வயது மூத்த அக்காவும் மதுரையில் வெவ்வேறு கல்லூரிகளில் படித்துக்கொண்டிருந்தோம். அந்த வருடம் இருவருமே முதலுதவிப் பயிற்சியில் தேறிச் சான்றிதழ் வாங்கியிருந்தோம். என்னுடையதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாயிற்று. அக்காவுடையது துணிப்பெட்டியின் அடியில் கிடந்தது.

எங்கள் விடுதிப் பையன்களுக்கு அந்தப் பயிற்சி என்பது வேலைக்கு மனுப் போடும்போது கூடவே இணைக்க ஒரு காகிதம், அவ்வளவுதான். பரீட்சையில் பெரும்பாலும் கைக்கட்டுதான் கேட்பார்கள் என்று சீனியர்கள் சொன்னார்கள். ஆகவே கையை மடக்கிக் கழுத்திலிருந்து தொங்கவிடும் அந்த ஒரு கட்டை மட்டும், தூக்கத்தில்கூடப் போடும் அளவுக்குப் பழகி வைத்திருந்தேன்.

ஒருநாள் காலை கடற்கரையில் நடக்கும்போது, சிப்பி ஒட்டிய பாறையில் அய்யா வழுக்கி விழுந்தார். பாதம் பிளந்து ரத்தம் கொட்டியது.

"ஏலே, நீதான் படிச்சிருக்கியே, பாருடா" என்றார், முழு நம்பிக்கையோடு.

எனக்கு யோசனை ஓடவில்லை. கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்தது. அவர் தோளில் கிடந்த துண்டை உருவினேன், மடித்தேன், அழகாக முடிச்சும் போட்டேன்.

கழுத்திலிருந்து தொங்கிய தன் வலது கையை அய்யா பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெட்டுனது கால்லடா."

அதற்குள் அக்கா அவரைப் படுக்கவைத்து, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, கைக்குட்டையால் காயத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். "அந்தத் துண்டை அவுத்துக் குடு. ஓடிப்போயி வண்டி கூட்டியா" என்றாள். கொடுத்துவிட்டு ஓடினேன். "ஏலே, அது கடலு. ரோடு இங்கன இருக்கு" என்று பின்னாலிருந்து அய்யாவின் குரல் வந்தது.

தையல் போட்ட டாக்டர், ரத்தம் போகாமல் இவ்வளவு நேர்த்தியாகக் கட்டியது யார் என்று கேட்டார்.

"எம் மக. பய, கை ஒடிஞ்சாப் பாத்துக்குவான்" என்றார் அய்யா.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவிடம், பரீட்சைக்கு வராத கட்டுகளையெல்லாம் எதற்குப் படித்தாய் என்று கேட்டேன். முந்தானையில் காய்ந்திருந்த ரத்தத்தைச் சுரண்டியபடி சொன்னாள்: "ஒங்கிட்ட ஆபீசுல கேப்பாக. எங்ககிட்ட எவன்டா சர்ட்டிபிகேட்டு கேக்கப் போறான்? கையிலயாச்சும் இருக்கட்டும்னு எங்க கிளாஸ்ல எல்லாரும் முழுசாக் கத்துக்கிட்டோம்."

அந்தக் காகிதத்தையும் இணைத்துத்தான் நான் வேலை வாங்கினேன். அக்காவிடம், அவள் சொன்னபடியே, இன்றுவரை யாரும் கேட்கவில்லை. இப்போது வேலைக்கு வருகிறவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவள் நினைவு வந்து, காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, "எங்கே, செய்து காட்டுங்கள்" என்று கேட்டுவிடுகிறேன்.