வெந்நிய ஊத்துனா குருடாயில் வருமா

எங்க அக்காவக் கட்டுன மச்சானுக்கு அறந்தாங்கிப் பக்கம். இருந்த சோடி மாட்ட வித்துப்புட்டு கெணத்துக்கு ஆயில் இன்ஜின் வாங்குனாரு. அது தண்ணி எறைக்கிறதப் பாக்க வந்த சனத்தவிட, குளிக்க வந்த சனந்தான் சாஸ்தி. இன்ஜின் சூடாகாம இருக்கக் கெணத்துத் தண்ணிய அதுக்குள்ள விடுவாக. அது சின்னக் குழா வழியா வெந்நியா வெளிய வரும்.

எங்க சித்தப்பா கீரனூர்லேருந்து தலைக்கு எண்ணெய வச்சுக்கிட்டே பஸ் ஏறிருவாரு. பஸ்ஸுல அவரு பக்கத்துல ஒருத்தனும் உக்கார மாட்டான். நானும் குளிச்சவன்தான். அந்தச் சொகம் இருக்கே... சரி, அது கெடக்கட்டும்.

வயல் நெறஞ்ச பொறகும் வெந்நிக்காக இன்ஜின் ஓடும். ஓடி ஓடி, நெல்லு பால் பிடிக்கிற நேரத்துல இன்ஜினுக்கு ஊத்துற குருடாயில் தீந்துபோச்சு. டவுன்லயும் சரக்கு இல்ல. ஒரு தண்ணி பாச்சலேன்னா பூராவும் பதரு. அக்கா தலையில கை வச்சு வரப்புல உக்காந்துருச்சு.

மச்சான் ரோசிச்சாரு.

"மாப்ள, குருடாயில் உள்ள போச்சு. சக்கரம் சுத்துச்சு, வெந்நி வந்துச்சு. சரியா?"

"சரிதான் மச்சான்."

"அப்ப வெந்நிய உள்ள ஊத்தி, சக்கரத்தப் பின்னால சுத்துனா?"

"குருடாயில் வந்துதான ஆவணும்!"னாரு சித்தப்பா.

பனமட்டைய எரிச்சு ஒரு அண்டா வெந்நி போட்டு, குழாயில ஊத்துனோம். எல்லாருமாச் சேந்து சக்கரத்தத் திருப்பிச் சுத்துனோம். மச்சான் டேங்குல காத வச்சுக்கிட்டு நின்னாரு.

"வருதா மச்சான்?"

"கொடகொடன்னு கேக்குது. சுத்துங்கப்பா!"

கொடகொடன்னது சித்தப்பா வயிறு. காலையிலேருந்து அவரு ஒண்ணும் திங்கல.

அக்கா எந்திரிச்சு வந்துச்சு. "அந்தா அடுப்புல சாம்பல் கெடக்கு. அதையும் பின்னால சுத்துங்க, பனமட்டை வருதான்னு பாப்பம். எரிஞ்சது எரிஞ்சதுதான். குளிச்சவுக பூராப் பேரும் இங்கிட்டு வாங்க!"

மாடு கட்டி எறைக்கிற பழைய கமலை கெணத்து மேட்டுலயேதான் கெடந்துச்சு. மாடுதான் இல்ல. நானும் சித்தப்பாவும் ஒரு சோடி, மச்சானும் பக்கத்து வயக்காரரும் ஒரு சோடி. மாத்தி மாத்திக் கயித்த இழுத்தோம். அக்கா சாட்டைக்கம்போட பின்னாலயே "ஹை, ஹை"ன்னு வந்துச்சு. பொழுது எறங்கையில கடைசிப் பாத்தியும் நனைஞ்சுருச்சு. நெல்லு தப்பிச்சுச்சு.

சித்தப்பா இடுப்பப் புடிச்சுக்கிட்டு வரப்புல சாஞ்சுட்டாரு.

"ஆத்தா, ஒடம்பெல்லாம் வலிக்குது. கொஞ்சம் வெந்நி கெடைக்குமா?"

அக்கா சாட்டைக்கம்ப இன்னும் கீழ வைக்கல.